கண்ணாடிக் குடுவைக்குள் வளர்ந்த கலங்கள்: டெனிஸ் பேர்கிட்டின் கதை

டெனிஸ் பேர்கிட் என்றால் நார்ச்சத்து உணவைப் பற்றிப் பேசிய வைத்தியர் என்றே பலர் அறிவார்கள். என்னைப் பொறுத்தவரை அவர் வாழ்வின் பெரிய பணி அதற்கு முன்னரே உகண்டாவில் நடந்து முடிந்துவிட்டது.

1911 இல் அயர்லாந்தின் எனிஸ்கில்லனில் பிறந்த பேர்கிட், 11 வயதில் விபத்தொன்றில் ஒரு கண்ணை இழந்தார். டப்ளினில் பொறியியல் படிக்கத் தொடங்கி, பின்னர் மருத்துவத்துக்கு மாறினார். ஒற்றைக் கண்ணுடனேயே சத்திரசிகிச்சை நிபுணராகி, 1946 இல் உகண்டா சென்றார்.

1957 இல் கம்பாலாவின் முலாகோ வைத்தியசாலையில், தாடையின் இருபுறமும் வீங்கிய ஐந்து வயதுச் சிறுவனைப் பார்க்க அவரை அழைத்தார்கள். சில வாரங்களின் பின் வேறொரு வைத்தியசாலையில் அதே வீக்கத்துடன் ஒரு சிறுமி. அவள் வயிற்றிலும் கட்டி இருந்தது. பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது, வெவ்வேறு பெயர்களில் எழுதப்பட்டிருந்தவை ஒரே புற்றுநோய்தான் என்பது அவருக்குப் புலப்பட்டது. கத்தியால் அதை வெல்ல முடியவில்லை. பிள்ளைகள் சில மாதங்களில் இறந்தார்கள்.

1961 இல் நண்பர்கள் இருவருடன் பழைய வாகனமொன்றில் சுமார் 10,000 மைல் பயணித்து, நோய் எங்கெங்கே உண்டு என்று வைத்தியசாலை வைத்தியசாலையாக விசாரித்தார். வெப்பமும் மழையும் மிகுந்த, மலேரியா பரவிய பகுதிகளிலேயே அது காணப்பட்டது.

அதே ஆண்டில் லண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்டவர்களுள் அன்ரனி எப்ஸ்ரைனும் ஒருவர். இந்நோய்க்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கலாம் என அவர் சந்தேகித்தார். பேர்கிட் கட்டித்துண்டுகளை விமானத்தில் அனுப்பினார். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எவ்வளவு தேடியும் எதுவும் அகப்படவில்லை.

1963 டிசெம்பரில் மூடுபனியால் ஒரு விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டது. மாதிரி லண்டனை அடைந்தபோது அதன் திரவம் கலங்கியிருந்தது. பற்றீரியா தொற்றிவிட்டது என்று எறிந்திருக்கலாம். எப்ஸ்ரைன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். கட்டியிலிருந்து பிரிந்த புற்றுநோய்க் கலங்கள் உயிருடன் மிதந்துகொண்டிருந்தன. இவோன் பாருடன் சேர்ந்து அவற்றைக் குடுவையில் வளர்த்தெடுத்தார். உடலுக்குள் நோயெதிர்ப்புச் சக்தியால் அடங்கிக் கிடந்த வைரஸ், உடலுக்கு வெளியே வளர்ந்த கலங்களில் வெளிப்பட்டது. 1964 இல் அச்சொங்குடன் சேர்ந்து அதை அறிவித்தார்கள். மனிதப் புற்றுநோயுடன் தொடர்புபட்டதாக அறியப்பட்ட முதல் வைரஸ் அது. எப்ஸ்ரைன்-பார் என்ற பெயர் அப்படி வந்தது.

ஒரு பிள்ளையின் நோயை அந்தப் பிள்ளையை வருத்தாமல் குடுவைக்குள் வைத்து ஆராயலாம், மருந்துகளைச் சோதிக்கலாம் என்ற வழி இவ்வாறு அகலமானது. அதே காலத்தில் நைஜீரியச் சிறுவன் ஒருவனின் கட்டியிலிருந்து உருவான ராஜி என்ற கலவரிசை இன்றும் உலக ஆய்வுகூடங்களில் வளர்கிறது.

பேர்கிட் ஆய்வுகூட முடிவுகளுக்காகக் காத்திருக்கவில்லை. கதிர்ச்சிகிச்சை இல்லாத உகண்டாவில், மருந்துகளை மட்டும் கொண்டு சிகிச்சையளித்தார். சில பிள்ளைகளின் கட்டிகள் நாட்கணக்கில் கரைந்தன. அவர்களில் சிலர் முற்றாகக் குணமடைந்தார்கள்.

1966 இல் இங்கிலாந்து திரும்பிய அவர், 1993 இல் காலமானார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. செல்வந்த நாடுகளில் இந்நோய் கண்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் இன்று பிழைக்கிறார்கள். அந்தக் கலங்களைத் தந்த ஆபிரிக்கக் கிராமங்களின் பிள்ளைகளோ, பிந்திய நோயறிதலாலும் மருந்துத் தட்டுப்பாட்டாலும் இன்னும் இறக்கிறார்கள். இந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்றே நான் நினைக்கிறேன்.