கங்கையாடி மீண்ட கோவிந்தர்

காசி யாத்திரை என்று காஞ்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட சகோதரர் இருவருள் ஒருவர் பாதி வழியில் திரும்பினார். மற்றவர் கங்கை வரை சென்று நீராடினார். திரும்பியவர் ஜகதாசாரியராகப் பிற்காலத்தில் விளங்கிய ஸ்ரீராமாநுஜர். கங்கையாடியவர் அவருடைய சிற்றன்னையின் திருக்குமாரரான கோவிந்தப் பெருமாள். எம்பார் என்னும் திருநாமத்தால் ஸ்ரீவைஷ்ணவ உலகம் போற்றும் மஹான். உடையவர் விந்தியக் காட்டிலிருந்து மீண்ட வரலாற்றை அறியாத அடியார் இலர். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தாம் மேலே நடந்தவரின் வரலாறு அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை.

திருமலையில் தீர்த்த கைங்கர்யம் செய்துவந்த பெரிய திருமலை நம்பிக்குத் தங்கையர் இருவர். மூத்தவர் ஸ்ரீபெரும்பூதூரில் வாழ்க்கைப்பட்டு, குருபரம்பரைக் கணக்கின்படி 1017ஆம் ஆண்டில் இளையாழ்வாரைப் பெற்றெடுத்தார். இளையவர் மதுரமங்கலத்துக் கமலநயன பட்டரை மணந்து, தை மாதத்துப் புனர்பூச நன்னாளில் கோவிந்தரைப் பெற்றெடுத்தார். அக்குழந்தைகள் வளர்ந்த காலம் தமிழகம் கங்கையை மிக நினைந்த காலம். முதலாம் ராஜேந்திர சோழனின் படை வடதிசை சென்று கங்கை நீரைக் கொணர்ந்ததும், அதன் நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரமும் சோழகங்கம் என்னும் பேரேரியும் எழுந்ததும் அந்நாளில்தான். அரசன் படை அனுப்பிப் பெற்ற நீரை எளியோர் நடந்து சென்றே பெறவேண்டும். திரும்பி வருவது உறுதியன்று.

சகோதரர் இருவரும் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றனர். ஆசிரியர் உரைத்த பொருள் எம்பெருமானின் பெருமைக்குக் குறைவாகத் தோன்றிய இடங்களில் இளையாழ்வார் பணிவுடன் மாற்றுப்பொருள் உரைத்தார். அது ஒருமுறையன்று, பலமுறை நிகழ்ந்தது. பெரும் புலமையும் அதற்கேற்ற செருக்கும் உடைய யாதவருக்கு மாணவரிடத்து முதலில் கோபமும், பின்னர் அச்சமும் உண்டாயின. அதன் முடிவுதான் காசி யாத்திரை. கங்கையில் இளையாழ்வாரை மூழ்கடிப்பது, அந்தப் பாவம் தீர அதே கங்கையில் நீராடுவது என்று நெருங்கிய சீடர்களுடன் அவர் கலந்து முடிவு செய்தார். பாவம் போக்கும் தீர்த்தத்தைப் பாவம் செய்வதற்கே துணையாகக் கொள்ள நினைத்த பேதைமையை என்னென்பது!

விந்தியமலைச் சாரலை அடைந்தபோது இச்சதி கோவிந்தரின் செவிக்கு எட்டியது. மற்றவர்கள் அறியாத தருணம் பார்த்து இளையாழ்வாரிடம் உண்மையைத் தெரிவித்து, உடனே காட்டுக்குள் மறைந்து திரும்பிவிடும்படி வேண்டினார். அவர் சென்றார். கோவிந்தரும் உடன் சென்றிருக்கலாம். ஆனால் இருவரும் ஒருசேர மறைந்திருந்தால் சதி வெளிப்பட்டது தெரிந்து, பின்தொடர்ந்து தேடியிருப்பார்கள். கோவிந்தர் ஒன்றும் அறியாதவர் போலக் கூட்டத்தில் கலந்துகொண்டார். இளையாழ்வாரைக் காணோம் என்ற கூக்குரல் எழுந்தபோது அவரும் தேடினார். கொடிய விலங்குக்கு இரையாகியிருப்பான் என்று யாதவர் வருந்துவதுபோல் காட்டித் தேறுதல் கூற, அதையும் கேட்டுக்கொண்டார். தம் அண்ணனைக் கொல்லக் கருதியவர்களோடு உண்டு, உறங்கி, அவர்களிடமே பாடமும் கேட்டுக்கொண்டு அவர் கங்கை வரை நடந்த நாட்கள் எத்தனை! குருபரம்பரை நூல்கள் இதனை ஓரிரு வரிகளில் கடந்து செல்கின்றன. எம்பாரின் வாழ்வில் இதனினும் கடிய தவம் வேறில்லை.

இளையாழ்வாரோ நடுக்காட்டில் வேடனும் வேடுவிச்சியுமாக வந்த பேரருளாளனாலும் பெருந்தேவித் தாயாராலும் ஓர் இரவிலேயே காஞ்சிக்கருகில் கொண்டுவிடப்பட்டார். தாகம் என்று கேட்ட தாயாருக்குச் சாலைக்கிணற்று நீரை முகந்து கொடுத்தார். திரும்பிப் பார்க்கையில் இருவரையும் காணவில்லை. புண்யகோடி விமானமே கண்ணுக்குப் புலனாயிற்று. அன்று முதல் அக்கிணற்றின் தீர்த்தத்தை நாள்தோறும் தேவப்பெருமாளுக்குச் சுமந்து சென்று ஸமர்ப்பிக்கும் கைங்கர்யம் அவருடையதாயிற்று.

கோவிந்தர் கண்ட காசி இன்று நாம் காணும் காசியன்று. தசாசுவமேதம் முதலாகக் கரை நெடுக விளங்கும் கற்படிகளில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் மராட்டியர் முதலானோர் கட்டியவை. பழைய நகரம் வடக்கே, வருணை நதி கங்கையில் கூடும் இடத்தை ஒட்டிய ராஜகாட் மேட்டில் இருந்தது. 1940இல் ரயில் நிலையப் பணிக்காக அங்கு மண்ணைத் தோண்டியபோது அப்பழம்பதியின் சின்னங்கள் வெளிப்பட்டன. ரயிலில் பாலத்தைக் கடந்து காசிக்குள் நுழையும் யாத்ரீகர்களுக்கு அம்மேடு அருகிலேயே உள்ளது. வருணை கூடும் துறையில் ஆதிகேசவப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காசியை ஆண்ட காஹடவால மன்னர்கள் அத்துறையில் நீராடித் தானம் வழங்கியதைச் செப்பேடுகள் கூறுகின்றன. பஞ்சகங்கைத் துறையில் பிந்துமாதவர் உள்ளார். அவருடைய பெருங்கோயில் 17ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்ட பின் அருகிலுள்ள சிறிய இடத்தில் ஸேவை ஸாதிக்கிறார். மணிகர்ணிகையில் திருமால் தம் சக்கரத்தால் அகழ்ந்ததாகப் புராணம் கூறும் புஷ்கரிணியும், அவருடைய திருவடிச் சுவடும் உண்டு. விசுவநாதரின் நகரம் என்று நம்மவரில் சிலர் ஒதுக்கும் காசியில் எம்பெருமானுக்கு இத்தனை இடங்கள் உள்ளன. 1030ஆம் ஆண்டளவில் பாரதத்தைப் பற்றி நூல் எழுதிய அல்பிரூனி, காசியையும் காசுமீரத்தையும் கல்வியின் இருப்பிடங்களாகக் குறிப்பிட்டார்.

அந்தக் கங்கையில்தான் கோவிந்தரின் வாழ்வு திசை மாறிற்று. ஒருநாள் நீராடி எழும்போது அவர் உள்ளங்கையில் ஒரு சிவலிங்கம் வந்து தங்கியது. யாதவரின் மந்திர வலிமையால் நேர்ந்தது என்பர் பெரியோர். யாதவர் அதனைப் பெரும்பேறு என்று கொண்டாட, சீடர்களும் வியந்து போற்றினர். உள்ளங்கை கொணர்ந்த நாயனார் என்ற பெயர் கோவிந்தருக்கு உண்டாயிற்று. ஊர் திரும்பியபின் அவர் காளத்திக்குச் சென்று அத்திருக்கோயில் பணியிலே ஈடுபட்டுத் தங்கிவிட்டார். அவருடைய ஈடுபாட்டில் பொய்யில்லை. எதையும் முழுமனத்துடன் செய்வது அவர் இயல்பு. ஆனால் அண்ணனுக்காக மேலே நடந்தவர் அண்ணனை விட்டு வெகுதூரம் போய்விட்டார்.

காலம் சென்றது. இளையாழ்வார் துறவு பூண்டு எதிராசரானார். யாதவப்பிரகாசரும் தம் அன்னையின் அறிவுரையாலும் தம் நெஞ்சின் உறுத்தலாலும் அவரை நாடி வந்தார். முன் செய்த பிழைக்குப் பூப்பிரதக்ஷிணம் செய்ய வேண்டுமே என்று தயங்கியவருக்கு, எதிராசரை வலம் வருவதே அதற்கு ஈடாகும் என்று கனவில் அருளப்பட்டது. கங்கையில் மூழ்கடிக்க நினைத்த மாணவரையே வலம் வந்து சீடரானார். அவருக்கு அளிக்கப்பட்ட திருநாமம் கோவிந்த ஜீயர் என்பது. அந்தப் பெயரை இடும்போது உடையவர் யாரை நினைத்திருப்பார் என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

திருவரங்கம் சேர்ந்தபின் உடையவர், கோவிந்தரைத் திருத்திப் பணிகொள்ளுமாறு தம் மாமனாகிய பெரிய திருமலை நம்பிக்கு விண்ணப்பம் அனுப்பினார். முதிர்ந்த வயதில் நம்பி காளத்திக்கு எழுந்தருளினார். மருமகனைக் கடிந்துகொள்ளவில்லை. ஆளவந்தாரின் சுலோகம் ஒன்றை ஓலையில் எழுதி அவர் வரும் வழியில் போட்டுவைத்தார். கோவிந்தர் எடுத்துப் படித்துவிட்டுப் போட்டுச் சென்றார். பிறிதொரு முறை அதுபற்றி இருவருக்கும் வாதம் நிகழ்ந்தது. பின்னொரு நாள், கோவிந்தர் பூக்கொய்ய மரத்தின்மேல் ஏறியிருக்க, நம்பி கீழே அமர்ந்து தம் சீடர்களுக்குத் திருவாய்மொழிப் பொருளை உரைத்தார். மலர் யாருக்கு உரியது என்று சொல்லும் பாசுரம் வந்தபோது கோவிந்தர் பூக்குடலையை எறிந்துவிட்டு இறங்கி ஓடிவந்து மாமனின் திருவடிகளில் விழுந்து கதறினார். திருக்கோயிற் பொறுப்பை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு நம்பியுடன் திருமலைக்கு நடந்தார். பாபவிநாசத்திலிருந்து நம்பி நாள்தோறும் தீர்த்தம் சுமந்த துன்பத்தைப் போக்கத் திருவேங்கடமுடையானே வேடனாக வந்து அம்பெய்து ஆகாசகங்கையைத் தோற்றுவித்ததாகச் சொல்லப்படும் மலை அது.

உடையவர் நம்பியிடம் ஸ்ரீராமாயண ரஹஸ்யம் கேட்க வந்து ஓராண்டு தங்கியபோது தம்பியின் ஆசாரிய பக்தியைக் கண்டார். பாம்பின் வாயில் தைத்த முள்ளை விரலிட்டு எடுத்துவிட்டு, ஒன்றும் நிகழாதது போல நீராடி வந்த கருணையையும் கண்டார். விடைபெறும்போது நம்பி என்ன வேண்டும் என்று கேட்க, கோவிந்தரைக் கேட்டார். நம்பி நீர் வார்த்துத் தாரையாகத் தந்தருளினார்.

ஆசாரியனைப் பிரிந்த ஏக்கத்தால் கோவிந்தரின் திருமேனி வாடியது. உடையவர் இரங்கி, ஒருமுறை கண்டு வருமாறு அனுப்பினார். வழிநடந்து வந்து வாசலில் நின்றவரை நம்பி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பசித்திருப்பவருக்குப் பிரஸாதமேனும் தரலாகாதா என்று தேவிகள் கேட்க, விற்றுவிட்ட பசுவுக்குப் புல்லிடுவார் உண்டோ என்றாராம். கோவிந்தர் ஒரு சொல்லும் பேசாமல் வாசலிலேயே தண்டனிட்டு எதிராசரிடம் திரும்பினார். கடுமையான செயலாகத் தோன்றலாம். ஆயினும் அதன்பின் கோவிந்தர் எங்கும் போகவில்லை.

இல்லறத்தில் மனம் செல்லாத அவருக்குத் திருவரங்கத்தில் உடையவர் துறவு அளித்து, எம்பெருமானார் என்ற தம் திருநாமத்தையே சூட்டினார். அது தமக்குத் தகாது என்று கோவிந்தர் கூசினார். அப்பெயரைச் சுருக்கி எம்பார் என்று அழைத்தனர். கூரத்தாழ்வானின் இல்லத்தில் பராசர பட்டர் அவதரித்தபோது குழந்தையை ஏந்திவந்தவர் எம்பார். பட்டருக்கு ஆசாரியராகத் த்வயம் உபதேசித்தவரும் அவரே. கங்கையில் லிங்கம் வந்து தங்கிய கையில் அன்று அக்குழந்தை இருந்தது.