குடியை நிறுத்தினால் வீட்டில் அடி நிற்குமா? சேலத்தில் முயன்று பார்த்த ராஜாஜி

குடிச்சாத்தான் கை நீளும், மத்தபடி தங்கமான மனுஷன் என்று கணவரிடம் அடி வாங்கிய பெண்ணைச் சமாதானப்படுத்துவதை நம்மில் பலர் கேட்டிருப்போம். அப்போ குடியே இல்லாமல் செய்துவிட்டால்? அதைச் சட்டம் போட்டே செய்து பார்த்தவர் ராஜாஜி. களம், அன்றைய சேலம் மாவட்டம்.

1878 டிசம்பர் 10-ல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கி, 1917-ல் நகராட்சித் தலைவரானார். பிறகு காந்தி, சிறை. 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். இன்று அது நாமக்கல் மாவட்டம்.

ஆசிரமத்தைச் சுற்றியிருந்த ஏழைக் குடும்பங்களில் கூலி கள்ளுக்கடைக்குப் போய்விடும். மிச்சம் பட்டினியும் சண்டையும்தான். இதைச் சொல்லவே விமோசனம் என்ற பத்திரிகையை நடத்தினார். உதவிக்கு இருந்தவர் யார் தெரியுமா? நம்ம பொன்னியின் செல்வன் கல்கிதான். பத்து இதழ்களோடு நின்றுவிட்டது.

1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் சொன்னதைச் செய்தார். அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. பிறகு சித்தூர், கடப்பா, வட ஆற்காடு. கலால் வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். இன்று நாம் கட்டும் ஜி.எஸ்.டி-க்கு ஒருவகையில் தாத்தா அது! அதே ஆண்டு பதவி விலகினார். போர்க்காலத்தில் கடைகள் திரும்பின. 1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது.

ராஜாஜி தப்பாகப் பிடிக்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கணவர் அடிக்கடி குடித்து போதையேறும் வீடுகளில் சுமார் 70 சதவீதப் பெண்கள் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். ஆனால் குடிக்கவே குடிக்காத கணவர்களின் வீடுகளிலும் அது 23 சதவீதம். அந்த அடிக்கு எந்தக் கடையை மூடுவது?

பள்ளிக்கே போகாத பெண்களுக்கு ஆபத்து அதிகம். அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் வீட்டிலும் அப்படித்தான். சின்ன வயதுக் கல்யாணமும் ஒரு காரணம். இங்கே ஒரு நெருடல்: 1897-ல் ராஜாஜியை மணந்தபோது அலமேலு மங்கம்மாவுக்கு வயது பத்து. அன்றைய வழக்கம்தான். ஆனால் மனைவியின் வயது, படிப்பு, கையில் காசு இதெல்லாம் மதுவிலக்குச் சட்டத்தின் எல்லைக்குள் வரவே இல்லை. அடித்தவனைத் தடுக்கவும் அதில் வழியில்லை, பாட்டில்தான் குற்றவாளி.

1971-ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவெடுத்தபோது, 92 வயது ராஜாஜி கொட்டும் மழையில் முதல்வர் வீடு தேடிப்போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடைகள் திறந்தன. அடுத்த ஆண்டு டிசம்பர் 25-ல் அவர் காலமானார்.

1974-ல் மதுவிலக்கு திரும்பியது, அதுவும் நிலைக்கவில்லை. 1983-ல் டாஸ்மாக் வந்தது. கணவரின் கொடுமையைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவும் அதே 1983-ல்தான் வந்தது. அடிக்கும் கணவரிடமிருந்து பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை எல்லாம் 2005 சட்டத்தில்தான் கிடைத்தன. அவர் குடித்திருந்தாரா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. உதவிக்கு 181-ஐ அழைக்கலாம்.