விகாரத்தில் நகை கண்ட ஆசிரியர்: மிகயீல் பக்தீன்

இலக்கியம், ஓவியம், சினிமா ஆகிய மூன்றனையும் ஒருங்கு வைத்துச் சர்வகலாசாலைகளிற் பயிலும் மாணவர், குரோடெஸ்க் என்னும் மேனாட்டுச் சொல்லை அடிக்கடி எதிர்ப்படுவர். 1480-ஆம் ஆண்டையொட்டி, ரோமாபுரியில் நீரோ மன்னன் கட்டிய பொன்மாளிகையின் இடிபாடுகள் மண்ணுக்கடியிற் காணப்பட்டன. அவற்றின் சுவர்களில், மனிதவுடல் கொடியாக நீள்வதும், கொடி விலங்கின் தலையாக மலர்வதுமான விந்தைச் சித்திரங்கள் இருந்தன. குகையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து அவற்றுக்கு இப்பெயர் பிறந்தது. நகை, இளிவரல், அச்சம் என்று தொல்காப்பியர் வேறு வேறாக எண்ணிய மெய்ப்பாடுகள் ஓருருவின்கண் ஒருங்கே எழுமாயின், அவ்வுருவை இன்று அச்சொல்லாற் குறிப்பர். நாம் அதனை விகாரம் என்று இங்கே வழங்குவோம். இவ்விகாரத்தை அறிஞர் ஆராய்தற்குரிய பெரும்பொருளாக நிலைநாட்டியவருள் தலைசிறந்தவர் ருஷ்ய நாட்டு மிகயீல் பக்தீன் ஆவர்.

அவர் 1895-ஆம் ஆண்டு ஓரெல் நகரிற் பிறந்தார். தந்தையார் பாங்கி உத்தியோகத்தில் அமர்ந்தவராதலின், குடும்பம் ஊர் விட்டு ஊர் பெயர்ந்து வாழ்ந்தது. வில்னா, ஒடெஸ்ஸா ஆகிய பன்மொழி நகரங்களில் வளர்ந்த இளைஞர், ஜெர்மன் மொழியையும் கிரேக்க லத்தீன் இலக்கியங்களையும் ஆர்வத்துடன் கற்றார். இளமையிலேயே எலும்பைப் பற்றி அழிக்கும் கொடுநோய் ஒன்று அவரைப் பீடித்தது. பெத்ரோகிராத் சர்வகலாசாலையிற் கற்றுத் தேறியதாக அவர் பிற்காலத்திற் கூறியதுண்டு. ஆயின் ஆராய்ச்சியாளர் தேடியும் அதற்குச் சான்று கிடைத்திலது. தமையனார் நிக்கலாயின் வரலாற்றிற் சில பகுதிகளைத் தம்முடையனவாகச் சொல்லிக்கொண்டார் போலும். பெரியோர் வாழ்க்கையில் இத்தகைய மறைப்புகளைக் கண்டால் அவற்றை மூடிவிடுதல் நம்மவர் வழக்கம். மூடவேண்டுவதில்லை. பட்டச் சீட்டின்றி ஒரு வாழ்நாள் முழுதும் போதகாசிரியராக வாழ நேர்ந்தவருக்கு அச்சீட்டு எத்துணை அருமையுடையதாய்த் தோன்றியிருக்கும் என்பது பின்வருவதால் விளங்கும்.

புரட்சிக்குப் பின்னர் நேவெல், வீத்தெப்ஸ்க் என்னும் ஊர்களில் ஆசிரியராய் இருந்தார். 1921-இல் எலேனா என்னும் மங்கையை மணந்தார். அவ்வம்மையாரே ஐம்பதாண்டு அவருக்குத் தாதியும் துணையுமாய் நின்றவர். 1924-இல் லெனின்கிராத் சேர்ந்து, வறுமையில் நண்பர்களுடன் தத்துவமும் சமயமும் பேசி வாழ்ந்தார். அச்சமயப் பேச்சே வினையாயிற்று. 1928 டிசம்பரில் அரசினர் அவரைச் சிறைப்படுத்தினர். தாஸ்தயேவ்ஸ்கியின் நாவல்களைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1929-இல் வெளிவந்தபோது, ஆசிரியர் ஆக்கினைக்குட்பட்டவராய் இருந்தார்! வெண்கடல் நடுவிலுள்ள ஸலவேத்ஸ்கித் தீவின் முகாமுக்கு ஐந்தாண்டு என்பது தீர்ப்பு. அங்கே சென்றிருப்பின் அந்நோயாளி உயிருடன் மீண்டிரார். அன்பர்கள் செய்த முயற்சியாலும் உடல்நிலையைக் கருதியும் தண்டனை மாற்றப்பெற்றுக் கஜகஸ்தானத்திலுள்ள குஸ்தானாய் நகருக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே கூட்டுறவு ஸ்தாபனம் ஒன்றிற் கணக்கு எழுதினார். கூட்டுப்பண்ணையாருக்குக் கணக்கு முறை கற்பித்தார். இலக்கியம் கற்பிக்க வேண்டியவர் பேரேடு கற்பித்ததைப் பற்றி அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

1936-இல் மொர்தோவிய நாட்டுத் தலைநகராகிய சரான்ஸ்கிலே ஓர் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இடம் கிடைத்தது. மறுவருஷமே, எங்கும் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகும் காலமாதலின், வேலையை விட்டு, மாஸ்கோவுக்கு வடக்கே ஸவேலவோ என்னும் சிற்றூரில் ஒதுங்கினார். 1938 பிப்ரவரியில் நோய் முற்றி வலக்கால் துணிக்கப்பட்டது. அதன்பின் ஊன்றுகோல்களே அவருக்குக் கால்களாயின.

அக்காலத்திலேதான், ஒரு காலை இழந்து, உத்தியோகமும் இழந்து, எந்த இரவிலும் கதவு தட்டப்படலாம் என்றிருந்த அம்மனிதர், சிரிப்பைப் பற்றிப் பெருநூல் எழுதத் தொடங்கினார். பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் புலவராகிய ராபலே, கார்கந்துவா, பந்தக்ருவேல் என்னும் இரண்டு இராக்ஷதர்களின் கதையை எழுதியவர். அவர் கதையில் வயிறும் வாயும் பெருத்துப் பொங்கும். உண்ணலும் குடித்தலும் கழித்தலும் மகப்பெறுதலும் அளவிறந்து நடக்கும். பிற்காலத்தார் இவற்றைக் கண்டு நாணி, ராபலே மேதாவி எனினும் இடக்கர் மிகுந்தவர் என்று ஒதுக்கினர். பக்தீன் வேறு விதமாய்ப் படித்தார். அவ்வுருவங்கள் தனி மனிதனுடைய ஆபாசமல்ல. பழைய ஐரோப்பாவின் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் வாழ்ந்த குடிமக்களின் கூட்டுச் சொத்து என்றார். தவக்காலத்துக்கு முன்வரும் களியாட்ட நாள்களில் கோமாளி அரசனாவான், மேலது கீழாகும், சில நாள்களுக்கேனும் அச்சம் ஒழியும். தேவாலயங்களிலேயே, ஈஸ்டர் பண்டிகையன்று குருமார் சபையாரை நகைக்கச் செய்த வழக்கம் இருந்ததை அவர் எடுத்துக் காட்டினார். கிறிஸ்தவக் கல்லூரியிற் பயிலும் நமக்கு அச்செய்தி சிறிது வியப்பும் சிறிது மகிழ்ச்சியும் தரும்.

அவர் கண்ட கருத்தின் உயிர்நிலை உடலைப் பற்றியது. கிரேக்கச் சிற்பம் காட்டும் உடல் முடிந்த உடல். வழவழப்பாய், வாயில்களெல்லாம் மூடி, தன்னளவில் நிறைந்து நிற்பது. விகார உடலோ முடியாத உடல். திறந்த வாயும் புடைத்த வயிறுமாய், உலகை விழுங்கி, உலகை ஈன்று, ஒன்று சாகும்போதே மற்றொன்றைப் பிறப்பிப்பது. கெர்ச் என்னும் ஊரில் அகப்பட்ட சுடுமண் பாவைகளிற் சில, கருவுற்ற கிழவிகள் சிரிப்பதைக் காட்டுவன. முதுமையும் கர்ப்பமும் சிரிப்பும் ஓருடலில்! அதனையே அவர் தம் கொள்கைக்குச் சிறந்த சாட்சியாகக் கொண்டார். இப்படி எழுதியவரின் சொந்த உடலோ துண்டிக்கப்பட்ட உடல். தம் காலைப் பற்றி அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் அதனை மறந்து அந்நூலைப் படிக்க என்னால் இயலவில்லை.

யுத்தகாலத்திற் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் மொழி கற்பித்தார். புகைப்பதில் அடங்கா விருப்புடையவராதலின், தாள் கிடைக்காத அந்நாளில், வேறொரு நூலுக்காகத் தாம் எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதியையே கிழித்துச் சுருட்டிப் புகைத்துவிட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. ராபலே பற்றிய ஏடுகள் தப்பியது நம் பாக்கியம்.

1945-இல் மீண்டும் சரான்ஸ்க் சென்றார். 1946 நவம்பர் 15-ஆம் தேதி, மாஸ்கோவிலுள்ள கோர்க்கி உலக இலக்கிய ஸ்தாபனத்தில், தம் ஆராய்ச்சியை அறிஞர் அவையின் முன் நிறுத்தினார். காலமோ பொல்லாதது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேதான் கட்சி மேலிடம் எழுத்தாளரைக் கண்டித்துக் கடுந்தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. அவர் வேண்டியது கீழ்நிலைப் பட்டமாகிய கந்திதாத் மட்டுமே. ஆயின் பரீக்ஷகர் மூவராகிய ஸ்மீர்னவ், நுசீனவ், ஜிவெலேகவ் என்பார் நூலின் பெருமை கண்டு, அதற்கு டாக்டர் பட்டமே தகும் என்றனர். உடனே அவை இரண்டுபட்டது. நூல் கட்சியின் நெறியைத் தழுவவில்லை, உடலின் இழிந்த செயல்களைப் பேசுகிறது என்று சிலர் சினந்தனர். வாதம் மணிக்கணக்காய் நீண்டது. ஊன்றுகோலுடன் அமர்ந்திருந்தவர் தம் கொள்கையில் ஓரடியும் பின்வாங்காமல் மறுமொழி கூறினார். முடிவிற் கந்திதாத் பட்டத்துக்கு அவையோர் பதின்மூவரும் ஒருமுகமாய் இசைந்தனர். டாக்டர் பட்டத்துக்கு ஏழு பேர் இசைந்து, ஆறு பேர் மறுத்தனர்.

ஒரு வாக்கால் வென்ற வெற்றி நிலைக்கவில்லை. பட்டங்களை உறுதி செய்யும் அரசாங்கக் குழு வருஷக்கணக்கில் இழுத்தடித்துத் திருத்தம் கேட்டது. அதற்கிடையில் ஆதரித்த மூவருள் ஒருவராகிய நுசீனவ் 1949-இற் சிறைப்பட்டு, மறுவருஷம் சிறையிலேயே மாண்டார். 1952-இற் பக்தீனுக்குக் கந்திதாத் பட்டம் மட்டும் வழங்கப்பட்டது. டாக்டர் என்னும் பெயர் அவருக்கு வாய்த்ததேயில்லை. அவர் முறையிடவுமில்லை, சரான்ஸ்கில் இலக்கியத் துறைத் தலைவராய்ப் பாடம் சொல்லிக்கொண்டு, தேநீரும் புகையுமாக இருந்து, 1961-இல் ஓய்வு பெற்றார்.

உலகம் அவரை மறந்திருந்தது. 1960-ஐயொட்டி, கோழினவ், பச்சாரவ், காச்செவ் என்னும் இளைஞர் மூவர், 1929-இல் வந்த நூலைப் படித்து வியந்து, அதன் ஆசிரியர் இன்னும் உயிரோடிருக்கிறார் எனக் கேட்டு வியப்பு இரட்டித்து, அவரைத் தேடிச் சென்றனர். அவர்கள் முயற்சியால் தாஸ்தயேவ்ஸ்கி நூல் 1963-இல் மறுபடியும் வந்தது. ஸ்தாபனத்திற் கிடந்த ராபலே ஆராய்ச்சி, பிறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1965-இல் அச்சேறிற்று. 1968-இல் ஆங்கிலத்திலும் வந்தது.

அதன்பின் விகாரத்தைப் பயில்வோர் அவரை விலக்கிச் செல்லல் அரிதாயிற்று. 1957-இல் ஜெர்மன் அறிஞர் கைசர், விகாரம் என்பது உலகம் நமக்கு அந்நியமாகிவிட்ட திகிலே என்று எழுதியிருந்தார். பக்தீன் அதனை மறுத்து, திகில் பிற்காலத்துத் தேய்வு, ஆதியில் அது சிரிப்பே என்றார். 1920-இல் வந்த டாக்டர் காலிகாரி என்னும் ஜெர்மன் படத்தைப் பார்ப்பவர் கைசர் பக்கம் சாய்வர். புரூகல் 1559-இல் தீட்டிய களியாட்டத்துக்கும் தவக்காலத்துக்குமான போரை நோக்குபவரும், 1936-இல் சாப்ளின் நடித்த படத்தில் யந்திரத்தின் பற்சக்கரங்கள் அவரை விழுங்கி உமிழ்வதைக் கண்டு நகைப்பவரும் பக்தீன் பக்கம் நிற்பர். என் எண்ணம் வேறு. திருவிழாக் கூட்டத்தின் சிரிப்பு எப்போதும் அரசனை நோக்கியே எழுவதன்று. கூனனையும் குருடனையும் அயலானையும் நோக்கி எழுந்த கொடுஞ்சிரிப்பும் ஐரோப்பிய வீதிகளில் நிறைய இருந்தது. பக்தீன் அதனை மிகக் குறைவாகவே கணக்கிட்டார். அச்சம் ஒன்றையே உண்டு வாழ்ந்த தேசத்தில் இருந்தவர் அச்சமற்ற சிரிப்பை அளவுக்கு மேற் புகழ்ந்தது இயல்பே. எனினும் குறை குறையே.

கடைசி ஆண்டுகளை மாஸ்கோவிற் கழித்தார். 1971 டிசம்பரில் எலேனா அம்மையார் காலமானார். மக்கட்பேறில்லாத அவ்வீட்டில், மூன்றாண்டுக்குச் சற்று மேல் தனித்திருந்து, 1975 மார்ச்சு 7-ஆம் தேதி பக்தீனும் மறைந்தார். மாஸ்கோவின் வெதேன்ஸ்கொயே மயானத்தில், மனைவியார் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.