டயரில் காத்தை அடைத்த கால்நடை மருத்துவர்... பெயர் உலகப் புகழ், பணம் சொற்பம்! யார் இந்த டன்லப்?

குடும்பத்தோடு எஸ்யூவியில் ஊருக்குக் கிளம்புறீங்க. அதிகாலை. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டில் குதிரை லாடம் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு, நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காத்து கம்மி என்று டிபிஎம்எஸ் சொல்கிறது. இந்தக் காத்து விவகாரத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்த ஒரு டாக்டர். பெயர் ஜான் பாய்ட் டன்லப்.

பையனின் சைக்கிள்

1840 பிப்ரவரி 5-ல் ஸ்காட்லாந்தின் ட்ரெகார்ன் கிராமத்தில் பிறந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, 1867-ல் அயர்லாந்துக்குப் போனார். பெல்ஃபாஸ்ட் நகரில் அவருடைய தொழில் நன்றாகவே நடந்தது.

அவர் மகன் ஜானியிடம் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருந்தது. அதன் சக்கரத்தில் கெட்டி ரப்பர். பெல்ஃபாஸ்ட் தெருவோ கல் பாவியது. ஓட்டினால் உடம்பெல்லாம் அதிரும்.

1887-ல் டன்லப் ஒரு மரத் தட்டை எடுத்தார். மெல்லிய ரப்பர் ஷீட்டைக் குழாயாக ஒட்டி, அதைச் சுற்றித் துணியால் கட்டி, கால்பந்துக்குக் காத்து அடிக்கும் பம்பால் ஊதினார். முற்றத்தில் கெட்டி ரப்பர் சக்கரத்தையும் இதையும் உருட்டிவிட்டார். கெட்டி ரப்பர் பாதியிலேயே சாய்ந்தது. காத்துச் சக்கரம் முற்றத்தைத் தாண்டிப் போய் வாசல் தூணில் முட்டி நின்றது. அடுத்த ஆண்டே காப்புரிமை வாங்கினார்.

சிரித்தவர்கள் வாயடைத்தார்கள்

1889 மே மாதம். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் சைக்கிள் பந்தயம். வில்லி ஹ்யூம் என்ற வீரர் குண்டு டயரோடு வந்ததைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. கலந்துகொண்ட பந்தயங்களில் எல்லாம் அவர் ஜெயித்ததும் சிரிப்பு அடங்கிப்போனது. அதே ஆண்டில் ஹார்வி டூ க்ராஸ் என்ற தொழிலதிபர் டப்ளினில் டயர் கம்பெனி தொடங்க, டன்லப்பும் அதில் சேர்ந்தார்.

கையைவிட்டுப் போன காப்புரிமை

இங்கேதான் சிக்கல். 1890-ல் டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று தெரியவந்தது. காரணம், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காத்து டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அப்போது சைக்கிள் மோகம் வரவில்லை, கார் இல்லை. அதனால் அந்த டயர் மறக்கப்பட்டுவிட்டது. டன்லப்புக்கு இந்த விஷயமே தெரியாது.

கம்பெனி தப்பித்தது மற்றவர்களின் யோசனைகளை வாங்கித்தான். டன்லப்பின் டயரை விளிம்போடு கட்டி ஒட்டியிருந்ததால் பஞ்சர் ஒட்டுவது பெரும்பாடு. கழற்றி மாட்டும் டயரை வெல்ச் என்பவர் கண்டுபிடித்தார். நம்ம ஊர் சைக்கிள் கடையில் வால் டியூப் போடுகிற வால்வு, வுட்ஸ் என்பவர் தந்தது. காத்தை அடைத்தால் மட்டும் போதாது, அது வெளியேறாமல் இருக்கணும், போனால் சரிசெய்ய வழி இருக்கணும்!

1895-ல் டன்லப் கம்பெனியைவிட்டு விலகினார். அடுத்த ஆண்டே அது 30 லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டது. அந்தப் பெரும் பணம் அவருக்கு வரவில்லை. டப்ளினில் துணிக்கடை வியாபாரத்தில் பங்கு வைத்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார்.

சொந்தப் பெயர் மீதே வழக்கு

கடைசிக் காலத்தில் இன்னொரு மனவருத்தம். விளம்பரத்தில் அவரைப் பகட்டான உடையில், கேலிக்குரிய கோலத்தில் வரைந்தது டன்லப் ரப்பர் கம்பெனி. தன் பெயரைச் சுமக்கும் கம்பெனி மீதே அவர் வழக்குப் போட்டார். அயர்லாந்து நீதிமன்றம் அதை விசாரிக்கலாமா என்ற கேள்வி லண்டன் பிரபுக்கள் சபை வரை போனது. அங்கே அவர் பக்கமே தீர்ப்பு வந்தது. 1921 அக்டோபர் 23-ல், 81 வயதில் டப்ளினில் காலமானார்.

பெயர் மட்டும் நிலைத்தது. சென்னை அம்பத்தூரில் டன்லப் தொழிற்சாலை வந்தது. நம் வீடுகளில் ஃபோம் மெத்தைக்கே டன்லப் மெத்தை என்று பெயரானது.

சரி, அந்த மஞ்சள் விளக்கு?

வண்டியின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காத்துதான். காத்து குறைந்தால் டயரின் பக்கவாட்டுச் சுவர் அதிகம் மடங்கிச் சூடாகும். நெடுஞ்சாலை வேகத்தில் வெடிக்கவும் செய்யலாம்.

* விளக்கு நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காத்து கம்மி. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டயர் ஆறிய நிலையில் காத்து அடியுங்கள்.
* வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். குளிர்ந்த காலையில் விளக்கு எரிய இதுவும் காரணம்.
* ஒரு நிமிடம் போல மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால் பல வண்டிகளில் கோளாறு சிஸ்டத்தில் என்று அர்த்தம். சென்சார் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அதற்காகக் காத்தைச் சோதிக்காமல் விடாதீர்கள். கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு ஒர்க்‌ஷாப் போங்கள்.
* காத்து அடித்தும், டயர் மாற்றியும் விளக்கு அணையவில்லையா? கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் எரிந்தால் வண்டியின் கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்யுங்கள்.
* ஒரே டயரில் திரும்பத் திரும்பக் காத்து இறங்கினால் ஆணி குத்தியிருக்கலாம், வால்வு கசியலாம். பஞ்சர் கடையில் காட்டாமல் பயணம் கிளம்ப வேண்டாம்.