நாடாப்புழுவின் வழியைக் கண்டறிந்தவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய மருத்துவர்களுக்கு இரண்டு பொருள்கள் புதிராக இருந்தன. ஒன்று, மனிதக் குடலில் மீட்டர்க் கணக்கில் நீண்டு வளரும் நாடாப்புழு. மற்றொன்று, பன்றி இறைச்சியில் பட்டாணி அளவில் தென்படும் நீர்க்கொப்புளம். கொப்புளத்தினுள்ளே புழுவின் தலை ஒன்று மடங்கிக் கிடக்கும். இவ்விரண்டிற்கும் உறவு யாது? வழிதவறி வேற்றிடம் புகுந்து, நீர்கோத்து நலிவுற்ற நாடாப்புழுவே கொப்புளம் என்றார் பெரும்புகழ் பெற்ற பேராசிரியர் சீபோல்ட். பலரும் அதனை ஏற்றனர்.

ஏற்க மறுத்தவர் பிரீட்ரிக் கூக்கன்மைஸ்டர். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் 1821ஆம் ஆண்டு பிறந்தவர். லைப்சிக்கிலும் பிராகாவிலும் மருத்துவம் பயின்று, சிட்டாவ் என்னும் சிறுநகரில் நோயாளிகளைக் கவனித்து வந்தவர். இயற்கை இத்தனை உயிர்களை வீணே வழிதவற விடுமா என்பதே அவருடைய ஐயம். கொப்புளம் நோயுற்ற புழுவன்று, வளர்ச்சியின் ஒரு பருவமே என்று அவர் கருதினார். கருத்தோடு நில்லாமல் சோதித்தும் பார்த்தார். 1851இல் முயல்களின் உடலிலிருந்து எடுத்த கொப்புளங்களை நரிகளுக்கு உணவாக அளித்தார். பின்னர் நரிகளின் குடலைத் திறந்து நோக்கியபோது அங்கே நாடாப்புழுக்கள் இருந்தன. அடுத்து, நாயின் குடற்புழுவினது முட்டை நிறைந்த துண்டுகளைச் செம்மறியாடுகளுக்குக் கொடுத்தார். ஆடுகளின் மூளையில் கொப்புளங்கள் தோன்றின. அவை தலைசுற்றித் தடுமாறின. ஆக, ஒரே புழு இரண்டு விலங்குகளில் இரண்டு உருவங்களில் வாழ்கிறது என்பது உறுதியாயிற்று.

மனிதனுக்கும் இது பொருந்துமா? இங்கேதான் அவர் வாழ்வின் மிகவும் கடினமான பக்கம் வருகிறது. மரண தண்டனை பெற்ற கைதி ஒருவனுக்கு, அவன் அறியாமலே, பன்றிக் கொப்புளங்களை உணவில் கலந்து கொடுக்கச் செய்தார். தண்டனை நிறைவேறிய பின் அவனது குடலில் இளம் நாடாப்புழுக்கள் காணப்பட்டன. சில ஆண்டுகள் கழித்து இன்னொரு கைதியிடம் இச்சோதனையை மீண்டும் நிகழ்த்தினார். இம்முறை புழுக்கள் நீண்டு வளர்ந்திருந்தன. உண்மை நிலைநாட்டப்பட்டது. ஆயினும், சாகப்போகிறவன் என்பதற்காக ஒரு மனிதனின் இசைவைக் கேளாதிருத்தல் முறையாகுமா? அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது. இன்று இத்தகைய சோதனைக்கு எந்த நாகரிக நாடும் இடந்தராது. கண்டுபிடிப்பின் பெருமையைச் சொல்லி இக்குறையை மூடிவிட இயலாது.

கூக்கன்மைஸ்டர் என்னும் சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் சமையற்கூடத் தலைவர் என்பது பொருள். பெயருக்கேற்ப, அவர் கண்ட உண்மை சமையலறைக்கே வந்து சேர்ந்தது. இறைச்சியை நன்கு வேகவைத்தால் கொப்புளம் அழியும். புழு குடலை அடையாது. ஆனால் இறைச்சி உண்ணாதோர்க்கு அச்சமில்லை என்று எண்ணிவிடலாகாது. குடலில் புழு உடையவரின் மலத்தில் முட்டைகள் வெளிப்படுகின்றன. அம்முட்டைகள் மண்ணிலும் நீரிலும் கலந்து, கழுவாத காய்கறியாலோ தூய்மையற்ற கையாலோ வாயினுள் புகுந்தால், பன்றிக்கு நேர்வதே மனிதனுக்கும் நேரும். கொப்புளம் மூளையில் தங்கினால் வலிப்பு உண்டாகும். நம் நாட்டில் வலிப்பு நோய்க்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்று. புலால் உண்ணாத குடும்பத்தினரும் இதற்கு ஆளாகின்றனர்.

1855இல் அவர் மனித ஒட்டுண்ணிகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில் அது ஆங்கிலத்திலும் வந்தது. 1859இல் டிரெஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்தார். பிற்காலத்தில், இறந்தோரைப் புதைப்பதை விட எரிப்பதே நலவாழ்வுக்கு ஏற்றது என்று வாதிட்டுப் புதிய எதிர்ப்புகளையும் தேடிக்கொண்டார். 1890ஆம் ஆண்டு டிரெஸ்டனை அடுத்த பிளாசெவிட்சில் காலமானார்.