மணி அடித்த பின் நுழைந்த மாணவர்: இரட்டைமலை சீனிவாசனும் வகுப்பறைப் பேச்சும்

வகுப்பறையில் யார் பேசுகிறார், யார் பேசாதிருக்கிறார் என்று கல்வியியல் ஆய்வாளர்கள் கேட்கத் தொடங்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, அக்கேள்வியை வாழ்ந்து அறிந்தவர் இரட்டைமலை சீனிவாசன். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த அவர் கோயம்புத்தூரில் பயின்றார். அங்கிருந்த சுமார் 400 மாணவர்களுள் பத்துப் பேர் தவிர ஏனையோர் பார்ப்பனர்கள். எவரிடமேனும் நெருங்கிப் பழகினால் சாதி, குடியிருப்பு, உறவினர் பற்றிய விசாரிப்பு வரும். விடை தெரிந்தால் இழிவு வரும். ஆகவே பள்ளிக்கு வெளியே அமர்ந்து படித்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்பில் நுழைவார். வகுப்பு கலைந்ததும் பிறர் எட்டிப்பிடிக்குமுன் வீட்டை நோக்கி விரைவார். 1939இல் வெளிவந்த தம் ஜீவிய சரித்திர சுருக்கத்தில் அவரே இதைப் பதிவு செய்துள்ளார்.

சிந்தனை முதலில் மனிதர்களுக்கிடையே நிகழ்ந்து, பின்னரே ஒருவருக்குள் வேர்கொள்கிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934). யூதர்க்குப் பல்கலைக்கழக இடங்கள் வரையறுக்கப்பட்டிருந்த காலத்தில் பயின்றவர் அவர். கற்றலைச் சமூகப் பண்பாட்டு நோக்கில் காணும் மரபு அவரிடமிருந்தே கிளைக்கிறது. ஆசிரியர் கேட்பது, மாணவர் விடையளிப்பது, ஆசிரியர் மதிப்பிடுவது என்னும் மும்முறைச் சுழற்சியை 1975இல் சின்கிளேரும் கூல்தார்டும் விளக்கிக் காட்டினர். இக்கருவிகள் பயனுள்ளவை. ஆயினும் பதியப்பட்ட பேச்சை மட்டும் அலசும் ஆய்வில், மணிக்காகக் காத்திருந்த கோயம்புத்தூர் மாணவர் இடம்பெறவே மாட்டார். பேச்சு வழியே கற்றல் நிகழுமெனில், பேச அஞ்சும் நிலை கல்வி மறுப்பே ஆகும்.

பேச வாய்ப்பற்றிருந்த அம்மாணவர் பின்னர் ஒரு சமூகத்தின் குரலானார். நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றியபின் 1890இல் சென்னைக்கு வந்தார். 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில், இரண்டணா விலையில், நான்கு பக்கங்களுடன் பறையன் இதழைத் தொடங்கினார். மறைக்க நேர்ந்த பெயரையே இதழின் தலைப்பாக்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கோரிய காங்கிரசின் முயற்சி ஆதிக்கச் சாதியினரையே அதிகாரத்தில் அமர்த்தும் என்று கருதி, 3412 பேர் ஒப்பமிட்ட எதிர் மனுவை இங்கிலாந்துக்கு அனுப்பினார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்தார். நாடு திரும்பிச் சட்டமன்ற உறுப்பினரானபின், பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லார்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். 1930, 1931 வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் பங்கேற்றார். 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார்.

அவர் தனி ஆற்றலால் மேலெழுந்தார் என்று புகழ்ந்து நாம் அமைதியடையலாகாது. அவருடன் பேசாததால் அந்த வகுப்பும் எதையோ இழந்தது. அவரைப்போல் வெளியே நின்று, திரும்பி வராமலே போனோர் கணக்கில் இல்லை.

நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டது 2023இல். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகரவரிசைப்படி இருக்கை முதலியவற்றை 2024இல் பரிந்துரைத்தது. யார் அருகில் யார் அமர்கிறார் என்பதே யார் யாருடன் பேசுவார் என்பதையும் தீர்மானிக்கிறது.

நாகமலை புதுக்கோட்டையிலும் சுற்றுப்புறத்திலும் பயிலும் மாணவர்கள் வகுப்பறைப் பேச்சை ஆய்வுக்கு எடுத்தால், ஒலிப்பதிவோடு நிறுத்திவிடலாகாது. இருக்கை வரிசை, ஆசிரியர் பெயர் சொல்லி அழைக்கும் மாணவர், உணவு இடைவேளையில் தனித்திருப்பவர் ஆகிய அனைத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மௌனத்தை அறிவுக் குறைவென்று எழுதுமுன், அதற்குக் காரணம் அச்சமா என்று நாம் கேட்டாக வேண்டும்.