தமிழில் மருத்துவந் தந்த கிறீன்

நோயாளிக்கு மருந்து எவ்வளவு தேவையோ, தன் நோயை எடுத்துச் சொல்லும் மொழியும் அவ்வளவு தேவை. இலயத்துத் தாயொருத்தி காய்ச்சற் பிள்ளையைத் தோளிற் சாய்த்துக்கொண்டு மலையிறங்கி, ஆஸ்பத்திரியிலே தன் சொல் விளங்காமல் திகைத்து நிற்கும் காட்சியை நாம் கண்டிருக்கிறோம். அதனால் இம்மலரிலே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நினைவுகூர விரும்புகிறோம்.

கிறீன் 1822 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே மாசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்தார். நியூயோர்க்கிலே மருத்துவங் கற்று, 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். பின்னர் மானிப்பாயிலே நிலைகொண்டு, உள்ளூர் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியத்தை ஆங்கிலத்திற் கற்பித்தார். தேறியவருட் பலர் சம்பளத்தை நாடி அரசாங்க உத்தியோகத்துக்குப் போயினர். கிராமத்தவருக்கோ அவ்வைத்தியம் எட்டாக்கனியாகவே இருந்தது.

இக்குறையை உணர்ந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். தமிழிற் கற்றவர் தம் ஊரவரோடு தங்கி வைத்தியஞ் செய்வர் என்பது அவர் துணிபு. கற்பிக்கப் போதிய நூல்கள் இல்லை. எனவே தாமே தமிழ் பயின்று, கலைச்சொற்களை வகுத்து, மாணவர் துணையோடு நூல்களை மொழிபெயர்த்தார். 1867 இல் இரண வைத்தியமும், 1872 இல் மனுஷ அங்காதிபாதமும் வெளிவந்தன. அவரிடம் பயின்று தேறியோர் 60 பேருக்கு மேற்பட்டவர். அவர்களுள் 33 பேர் தமிழிலே கற்றவர்கள்.

அவர் கிறிஸ்து மதத்தைப் பரப்ப வந்தவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மிஷன் பாடசாலையிற் படித்த நமக்கு அது புதிதுமன்று. எனினும் தம் மாணவர் மேனாட்டு உடைக்கு மாறுவதை அவர் விரும்பவில்லை. வைத்தியன் தன் மக்களுள் ஒருவனாகவே இருக்க வேண்டுமென்று எண்ணினார். 1873 இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியை விடாது செய்து, 1884 இல் காலமானார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண வைத்தியம் அச்சேறிய அதே 1867 இலேதான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களை நாடிக் கால்நடையாக வந்த நம் முன்னோருட் பலர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டனர். அவர்தம் மக்களுக்கென்று மானிப்பாயிற் போன்றதொரு தமிழ் வைத்திய வகுப்பு மலைநாட்டில் எழவில்லை.

1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தினால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆயினும் சட்டத்தில் உள்ள தமிழ் நோயாளியின் கட்டிலருகே வரவேண்டுமாயின், அதைப் பேசும் வைத்தியரும் தாதியரும் மருத்துவ மாதரும் நம்மிடையிலிருந்தே தோன்ற வேண்டும். அவர்களைத் தகுந்த தொகையில் நியமிக்குமாறு கேட்பது நம் உரிமை. அதற்கு நம்மைத் தகுதியாக்கிக் கொள்வது நம் கடமை.

கிறீனை அன்று வருத்திய குறை நம்மிடமும் உண்டு. படித்த நம்மவர் கொழும்போடு நின்றுவிடுகின்றனர். கடல் கடந்து வந்த அந்நியரொருவர் நம் மொழியைக் கற்று நம்மவர் நோயைக் கேட்டார். அட்டனுக்கு அப்பாலுள்ள இலயத்திலே பிறந்த நாம், படித்த பின் அந்த மலையேறத் தயங்கலாமா?